கையில் இருக்கும் போன் நம்மைக் கணக்கெடுக்குது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது)

சேமிப்பு, வசூல் கணக்கு எல்லாம் முடிஞ்சு களைப்பா இருப்பீங்க. ஒரு பத்து நிமிஷம் போன் பற்றிப் பேசணும்.

எங்க குழுவில் ஒரு அக்கா. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கையில் காசில்லை. ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் வராமல் போனில் "அவசரக் கடன்" என்று தேடியிருக்காங்க. மறுநாளிலிருந்து எந்த வீடியோவைத் திறந்தாலும் கடன் விளம்பரம். சாமியே வழி காட்டுதுன்னு நினைச்சாங்களாம். சாமி இல்லீங்க.

எதைத் தேடுறோம், எந்தப் படத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம், எதுக்கு லைக் போடுறோம், எல்லாம் பதிவாகுது. 2015-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், ஃபேஸ்புக்கில் ஒருவர் போட்ட 10 லைக்கை வைத்தே, கூட வேலை செய்பவரை விட நன்றாக அவர் குணத்தைக் கம்ப்யூட்டர் கணித்தது. 150 லைக் இருந்தால் குடும்பத்தாரை விட. 300 இருந்தால் கணவன் மனைவியை விட! (நம்ம வீட்டுக்காரங்களை ஜெயிக்க அவ்வளவு வேண்டாம்னு பின்னாடி யாரோ சொல்றது காதில் விழுது.)

2017-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில், இங்கிலாந்தின் அழகுப் பொருள் கடை ஒன்றின் விளம்பரத்தை 30 லட்சம் பெண்களுக்கு மேல் காட்டினார்கள். கலகலப்பானவங்களுக்குக் கூட்டத்தில் ஆடும் பெண் படம், அமைதியானவங்களுக்குத் தனியே இருக்கும் பெண் படம். குணத்துக்குப் பொருந்தின விளம்பரத்தைப் பார்த்தவங்க சுமார் 50 சதவீதம் அதிகமாக வாங்கினாங்க.

பவுடர் வாங்கினால் போகட்டும். அக்கா வாங்கினது கடன். 5,000 ரூபாய்க்குக் கையில் வந்தது 3,500. ஏழே நாள் தவணை. தவறினதும் போனில் இருந்த சொந்தக்காரங்க எல்லாருக்கும் அசிங்கமா மெசேஜ். கடன் செயலிகள் போன் நம்பர்களையும் போட்டோக்களையும் எடுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம்.

எங்க மேலயும் தப்பு உண்டு. முந்தின மாசம் தவணை தவறினதுக்கு எல்லார் முன்னாடியும் அந்த அக்காவைச் சத்தம் போட்டோம். அதனால்தான் எங்ககிட்ட வாய் திறக்கலை, போன்கிட்ட கேட்டாங்க.

அடுத்த கூட்டத்துக்குப் போனை சார்ஜ் போட்டு எடுத்து வாங்க. எந்தச் செயலிக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கோம்னு உட்கார்ந்து பார்த்துடலாம்.