சுழல்விசிறியின் அமைப்பும் சிக்கனமும்
(பயிற்சி அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)



மலைப்பகுதிக்கு ஹெலிகாப்டர் சேவை கோரும் கோப்பு வந்தால் நாம் முதலில் நோக்குவது வேகத்தையும் விலையையுமே. மூன்றாவதாக ஒன்றையும் நோக்குதல் வேண்டும். விசிறி வட்டத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் எத்தனை கிலோ எடையைத் தாங்குகிறது என்பதே அது. இவ்வெண் குறையக் குறைய, அந்தரத்தில் நிற்கத் தேவையான ஆற்றலும் குறையும். பெரிய வட்டம் மிகுந்த காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. சிறிய வட்டமோ குறைந்த காற்றை விரைந்து தள்ளி ஆற்றலை விரயமாக்குகிறது.

நம் சீட்டா ஹெலிகாப்டரின் எடை 1,950 கிலோ, விசிறியின் விட்டம் 11 மீட்டர். ஆகவே சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோ. இதன் மூலவடிவமான பிரெஞ்சு லாமா 1972இல் 12,442 மீட்டர் உயரத்தை எட்டியது வியப்பன்று. ஆயினும் ஒற்றை விசிறி, உடலை எதிர்த்திசையில் திருப்ப முயலும். அதைத் தடுக்கும் வால்விசிறி, எடையைத் தூக்க உதவாமலேயே ஏறத்தாழப் பத்திலொரு பங்கு ஆற்றலை உண்டுவிடும். விமானப்படை 2019இல் பெற்ற சினூக்கில் முன்னும் பின்னும் இரு விசிறிகள் எதிரெதிராகச் சுழல்வதால் இம்மேற்செலவு இல்லை. கடற்படையின் காமோவில் அவை ஒரே அச்சில் மேலும் கீழுமாக அமைந்துள்ளன. கப்பல் தளத்தில் இடம் அரிதல்லவா?

இனி வேகம். முன்னேறும் தகடு ஒலியின் வேகத்தை நெருங்குகையில், பின்வாங்கும் தகடு தூக்குவிசையை இழக்கிறது. எனவேதான் 1986இல் பிரிட்டனின் லிங்க்ஸ் மணிக்கு 400 கி.மீ.க்குச் சற்று மேல் பறந்ததே பெருஞ்சாதனையாயிற்று. விசிறிகளை முன்புறமாகச் சாய்த்து விமானம்போல் பறக்கும் அமெரிக்க ஆஸ்ப்ரே 500 கி.மீ. வேகத்தை எட்டுகிறது. ஆனால் அதன் சதுர மீட்டர்ச் சுமை 113 கிலோ. ஏறக்குறைய அதே எடையுள்ள சினூக்கிற்கு 43. கோட்பாட்டளவில், அந்தரத்தில் நிற்க ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். (சினூக்கின் இரு வட்டங்களும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வேறுபாடு சற்றுக் குறையும்.)

80 கி.மீ. தொலைவிலுள்ள மலைக்கிராமத்து நோயாளியை எண்ணிப் பாருங்கள். வேகத்தை 250இலிருந்து 500 ஆக்கினால் மிஞ்சுவது பத்து நிமிடங்களுக்கும் குறைவே. 4,000 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றில் நோயாளியோடு எழும்ப இயலாவிடில் அந்த நிமிடங்களால் பயன் என்ன? தென் அந்தமானிலிருந்து பெரிய நிக்கோபாருக்கோ தொலைவு சுமார் 500 கி.மீ. அங்கு ஒரு மணி நேரம் மிஞ்சும். உயரத்தின் தொல்லையும் இல்லை. இரண்டிற்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி விவரக்குறிப்பை அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.