காற்றும் தண்ணீரும் போதும்



எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று வடக்கே பார்த்தால், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் சுமார் 60 கிலோமீட்டர் தூரம். இடையில் காட்டுப்பள்ளியும் பழவேற்காடு ஏரியும்தான். மறைக்க மலை இல்லை. வானம் தெளிவாக இருக்கும் நாளில் ராக்கெட் கிளம்புவதை எண்ணூர்க் கரையிலிருந்தும், திருவொற்றியூர், ராயபுரத்து மொட்டை மாடிகளிலிருந்தும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். முதலில் அடிவானத்துக்கு மேலே ஒரு நெருப்புப் புள்ளி. பிறகு கடல் பக்கம் வளைந்துபோகும் வெண்புகைக் கோடு. ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாமென்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு முன்கூட்டியே தகவல் வந்துவிடும். ராக்கெட் என்பது அந்தக் கரைக்காரர்களுக்குத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கிற சங்கதி.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும், இந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் ராக்கெட்டைப் பார்த்தவர்கள் நிறைய, தன் கையால் ஒன்றைச் செய்து பறக்கவிட்டவர்கள் குறைவு. இது மாற வேண்டும் என்பது என் ஆசை. எப்படி மாற்றலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வெளிநாடுகளில் மாதிரி ராக்கெட் என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. கடையில் ஒரு பெட்டி வாங்குகிறார்கள். உள்ளே அட்டைக்குழாய், பல்சா என்னும் இலேசான மரத்தில் வெட்டிய இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு, ஒரு சின்ன பாராசூட், அதைக் கட்ட ரப்பர் நாடா. பசை போட்டு ஒட்டி, வண்ணம் தீட்டிக் காயவைத்தால் உடம்பு தயார். உயிர் தருவது விரல் நீளமுள்ள ஒரு மோட்டார். கெட்டி அட்டைக்குழாயில் களிமண் துவாரம், அதற்கு மேல் இறுக்கிய கருமருந்து, அதற்கும் மேல் மெதுவாகப் புகைந்து நேரம் கடத்தும் மருந்து, கடைசியில் பாராசூட்டை வெளியே தள்ள ஒரு சிட்டிகை மருந்து. மோட்டாரின் மேல் 'ஏ8-3' என்று எழுதியிருந்தால், ஏ என்பது மொத்த உந்தத்தின் அளவு, 8 என்பது சராசரித் தள்ளுவிசை நியூட்டன் கணக்கில், 3 என்பது எரிந்து முடிந்த பிறகு பாராசூட் விரிய எத்தனை விநாடி என்பது.

இதற்கு வழிபோட்டவர் ஆர்வில் கார்லைல், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்தவர். 1954-இல் அவர் செய்த ராக்கெட்டை, ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் 1957-இல் பார்த்துவிட்டுக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கச் சிறுவர்கள் கிடைத்த ரசாயனத்தையெல்லாம் இரும்புக் குழாயில் அடைத்து ராக்கெட் என்று கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்ததும் இந்த மோகம் இன்னும் ஏறியது. விரல் இழந்தவர்கள் உண்டு, கண் இழந்தவர்கள் உண்டு, உயிரை இழந்தவர்களும் உண்டு. பிள்ளைகள் மருந்தைக் கையால் தொடவே கூடாது, மோட்டாரைத் தொழிற்சாலைதான் செய்ய வேண்டும் என்பதே கார்லைலும் ஸ்டைனும் கொண்டுவந்த பெரிய மாற்றம். 1958-இல் இந்தத் தொழிலில் இறங்கிய வெர்ன் எஸ்டெஸ், மோட்டார் செய்வதற்கென்றே ஓர் இயந்திரம் கட்டினார். பொழுதுபோக்கு ஊர் ஊராகப் பரவியது.

அந்தப் பெட்டியை வாங்கி இங்கே விடலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். கருமருந்து நம் நாட்டில் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டின் விதிகளுக்கும் கட்டுப்பட்டது. உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். சட்டத்தை விடுங்கள், இடத்தைப் பாருங்கள். தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் கிடங்குகள். மணலியில் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரில் எரிவாயு முனையம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கசிந்த அம்மோனியாவின் வாடையில் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய மக்கள் இன்னும் அங்கேயேதான் வாழ்கிறார்கள். நெருப்போடு எதுவும் பறக்கவிட வேண்டிய இடமா இது?

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. தீக்குச்சி மருந்தைச் சுரண்டியும், வெடிக்காத பட்டாசைப் பிரித்தும் குழாயில் அடைத்துப் பார்க்கிற பழக்கம் பையன்களிடம் இன்றும் இருக்கிறது. 1957-இல் அமெரிக்காவில் விரலைப் பறித்த அதே வேலை. பெற்றோர்களே, இதைப் பார்த்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். ஆனால் அந்த ஆசையை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

மருந்து ராக்கெட்டுக்கு நம் மண்ணில் பழைய வரலாறு உண்டு. எண்ணூரில் கடலோடு கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, 1780 ஆகஸ்ட் கடைசியில் அந்த ஆற்றின் வடகரையில் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை முகாமிட்டது. அன்றிரவே வெள்ளம் வந்து வழியை அடைத்தது. பல நாள் காத்திருந்து கடந்துபோன அந்தப் படையைத்தான் செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில், ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தார்கள். மைசூர்ப் படையின் ராக்கெட் பட்டுத்தான் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன என்று சொல்வார்கள். மூங்கிலுக்கும் காகிதத்துக்கும் பதில் இரும்புக் குழாயில் மருந்தை இறுக்கியதுதான் மைசூர்க்காரர்களின் சாமர்த்தியம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார்.

நம் பிள்ளைகளுக்கு அந்த மருந்து தேவையில்லை. காற்றும் தண்ணீரும் போதும்.

குளிர்பானம் வரும் 2 லிட்டர் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் விற்கும் மெல்லிய பாட்டில் உதவாது. காற்றழுத்தம் தாங்குவதற்கென்றே செய்தது குளிர்பான பாட்டில்தான். கீறல், மடிப்பு எதுவும் இருக்கக் கூடாது. அதைத் தலைகீழாகப் பிடித்தால் வாய்ப்பக்கம் கீழே, அடிப்பக்கம் மேலே. இன்னொரு பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, மேலே தொப்பி போல மாட்டினால் மூக்கு. அதன் நுனியில் ஓர் எலுமிச்சம்பழ அளவு களிமண் வைத்து அமுக்குங்கள். கம்பி, ஆணி எதையும் நுனியில் வைக்கக் கூடாது. பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் மூன்று இறக்கைகள் வெட்டி, வாய்ப்பக்கத்தை ஒட்டிச் சம இடைவெளியில் டேப் போட்டு ஒட்டுங்கள். சூடான பசைத் துப்பாக்கி வேண்டாம். சூடு பட்ட இடத்தில் பாட்டில் பலவீனமாகி, காற்றடிக்கும்போது அங்கேதான் கிழியும்.

களிமண் எதற்கு என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அம்பு ஏன் நேராகப் போகிறது? முனையில் எடை, வாலில் இறகு. ராக்கெட்டும் அப்படித்தான். எடை சமமாகும் புள்ளி முன்னாலும், காற்று பிடித்துத் தள்ளும் புள்ளி பின்னாலும் இருந்தால், சற்றே சாய்ந்தாலும் காற்றே அதை நிமிர்த்திவிடும். சோதிப்பதும் சுலபம். ராக்கெட் கிடைமட்டமாகச் சமநிலையில் தொங்கும் இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, தலைக்கு மேலே சுழற்றுங்கள். மூக்கு முன்னே பார்த்தபடி சுற்றினால் பறக்கவிடலாம். குறுக்கே புரண்டால் இன்னும் கொஞ்சம் களிமண் வையுங்கள். விண்வெளி மையங்களில் கணக்குப் போட்டுப் பார்ப்பதும் இதே விஷயத்தைத்தான்.

வாயை அடைக்க ரப்பர் கார்க். அதன் நடுவே பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி. ஊசியிலிருந்து நாலைந்து மீட்டர் டியூப், அதன் மறுமுனையில் அழுத்தமானி வைத்த சைக்கிள் பம்ப். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, கார்க்கை இறுக்கி, ராக்கெட்டை நிமிர்த்திப் பிடிக்கும் ஒரு ஏவுதண்டில் நிறுத்துங்கள். கார்க் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கோடு வரைக்கும்தான். அப்போதுதான் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் கார்க் விடும். ஒரு பறப்பை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் உள்ள அமுக்கலாம்ணா, ரொம்ப மேல போவும்" என்று ஒரு பையன் கண்டிப்பாக நச்சரிப்பான். "கோட்டைத் தாண்டக் கூடாதுடா தம்பி" என்று கறாராகச் சொல்லிவிட வேண்டும். மானியின் முள் 60 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவே கூடாது. காற்று ஏறிய பாட்டிலுக்கு மேலே யாரும் குனியக் கூடாது. கார்க் விடவில்லை என்றால் கிட்டே போகாமல், பம்பு முனையிலேயே காற்றை இறக்கிவிட வேண்டும். பம்ப் அடிப்பவர் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் குறைந்தது பத்து மீட்டர் தள்ளி.

பம்ப் ஏற ஏற, கார்க்கின் ஓரத்தில் நீர்த்துளி கசியும். பிறகு ஒரு 'டப்'. கீழே ஒரு வெள்ளைத் தண்ணீர்த் தூண், மேலே பாட்டில். தண்ணீர் வெளியேறி முடிய ஒரு விநாடிகூட ஆகாது. மீதித் தூரமெல்லாம் அந்த ஒரே உதையின் பலன். விழுந்த பாட்டிலை உடனே ஓடிப்போய் எடுத்துப் பாருங்கள், உள்ளே மெல்லிய மூடுபனி நிற்கும். அமுங்கியிருந்த காற்று சட்டென விரியும்போது குளிர்ந்துவிடுகிறது, அதிலிருந்த நீராவி துளித்துளியாகிறது. மேகம் உண்டாவதும் இப்படித்தான் என்று அந்த நிமிடத்தில் சொன்னால், எந்தப் பிள்ளையும் மறக்காது.

அதோடு நிறுத்திவிடாமல், தண்ணீரே இல்லாமல் ஒருமுறை விட்டுப் பாருங்கள். சத்தம் வரும், உயரம் வராது. வெளியே எறிவதற்குக் கனமாக எதுவும் இல்லை. பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்து ஒருமுறை விடுங்கள். தட்டுத்தடுமாறி விழும், தள்ளுவதற்குக் காற்றுக்கு இடமே இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல அளவு இருக்கிறது. பின்னால் எறிவது எவ்வளவு, மிஞ்சும் உடம்பின் எடை எவ்வளவு என்ற கணக்கை ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்டார். நம் பி.எஸ்.எல்.வி.யின் பெரிய வகை கிளம்பும்போது எடை சுமார் 320 டன். அது மேலே கொண்டுபோகும் செயற்கைக்கோள் இரண்டு டன்னுக்கும் குறைவு. ஏன் இப்படி என்பது, பாட்டிலைப் பறக்கவிட்ட பிள்ளைக்குச் சொல்லாமலே புரியும்.

உயரத்தை அளக்க ஒரு பாகைமானியும், நூலில் கட்டிய நட்டு ஒன்றும் போதும். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிக்கிற அதே முறை. ஏவுமிடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று, ராக்கெட் உச்சிக்குப் போகும் கணத்தில் கோணத்தைப் படிக்க வேண்டும். "நாப்பது டிகிரிண்ணா!" என்று ஒரு பெண்பிள்ளை கத்தினால், 30-ஐ 40 டிகிரியின் டேன் மதிப்பான 0.84-ஆல் பெருக்குங்கள். 25 மீட்டர். அவள் கண்ணின் உயரத்தைக் கூட்டினால் 26. டேன் இன்னும் படிக்காத சின்னப் பிள்ளைகள் வரைபடத் தாளில் முக்கோணம் வரைந்தே கண்டுபிடிக்கலாம். பத்தாம் வகுப்பில் கலங்கரை விளக்கத்தையும் கப்பலையும் வைத்துப் போடுகிற கணக்கு, இங்கே தன் ராக்கெட்டின் உயரமாக மாறுகிறது.

இடம் பற்றி ஒரு வார்த்தை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கரையெங்கும் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லின் மேல் பிள்ளைகளை ஓடவிட முடியாது. விழுந்த ராக்கெட்டை எடுக்கக் கடலிலும் இறங்கக் கூடாது. பள்ளி மைதானமே நல்லது, மின்கம்பி தலைக்கு மேல் போகாத மைதானம். காற்றையும் கவனியுங்கள். இறக்கை வைத்த ராக்கெட் காற்றுக்கு எதிராகவே மூக்கைத் திருப்பும். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பினால் அது கிழக்கே சாயும். காலையில் காற்று அடங்கியிருக்கும் நேரம் உத்தமம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்களையே காற்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லுவதுதான் சரியாக இருக்கும்.

இது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மாவட்டம் பட்டிப்புலத்திலிருந்து, மாணவர்கள் செய்த 150 குட்டிச் செயற்கைக்கோள்களைச் சுமந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 24-இல், திருவிடந்தையிலிருந்து 'ரூமி-1' பறந்தது. இரண்டையும் நடத்தியது சென்னையின் ஸ்பேஸ் சோன் இந்தியா. அதே 2024-இல் மே 30 அன்று, சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினோடு தன் ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. வேலைகள் இங்கே நம் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கின்றன. பேருந்து, மோட்டார் சைக்கிள், டயர் ஆலைகளில் தலைமுறை தலைமுறையாக உலோகத்தோடும் ரப்பரோடும் புழங்கிய திருவொற்றியூர் வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலைகளுக்குப் போகாமல் வேறு யார் போவது?

எனவே வட சென்னைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தபடி ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்னால் வரும் நாட்கள். அந்த வாரத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். அறிவியல் ஆசிரியர், கணக்கு ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர் மூவரும் மைதானத்தில் நிற்கட்டும். வேடிக்கை பார்க்க மட்டும் யாரையும் உட்காரவைக்காதீர்கள். நாலு பேருக்கு ஒரு பாட்டில் என்று கொடுங்கள், பம்ப் கைப்பிடி பெண்பிள்ளைகள் கையிலும் வரட்டும். பறந்த உயரங்களைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள், அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதைத் தாண்டப் பார்ப்பார்கள். வீட்டில் இருக்கிற பெற்றோர்களே, இந்த வாரம் குளிர்பான பாட்டில் ஒன்று காலியானால் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள்.