கண்காணிப்பே காக்கும்!

(பட்டிமன்றத் தலைப்பு: சாலைப் பணிகளில் சுற்றுச்சூழலைப் பெரிதும் காப்பது சட்டமா? கண்காணிப்பா? ‘கண்காணிப்பே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, விளம்பரம் வந்தால் மட்டும் எழுந்து ஓடி அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிற அன்பு நெஞ்சங்களே! (கைதட்டல்)

எதிரணிச் சகோதரி அடுக்கு மொழியிலே சட்டங்களை அடுக்கினார்கள். 1986இலே சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1994இலே தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது, 2006இலே அதைத் திருத்தி இன்னொன்று வந்தது, இதற்கு மேலே என்னய்யா வேண்டும் என்று கேட்டார்கள். நான் அந்தச் சகோதரியைப் பணிவோடு ஒன்று கேட்கிறேன். அடுப்பிலே பால் இருக்கிறது. ‘இந்தச் சமையலறையில் பால் பொங்கி வழியக் கூடாது’ என்று சுவரிலே சட்டம் எழுதி ஒட்டிவிட்டு நீங்கள் பட்டிமன்றம் பார்க்க உட்கார்ந்தால், பால் அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு அடங்கி இருக்குமா? (சிரிப்பு) விளம்பரத்துக்கு விளம்பரம் எழுந்து போய்ப் பார்க்கிறீர்களே, அதற்குப் பேர் கண்காணிப்பு. மறுநாள் மாமியார் வந்து, பாத்திரத்தைத் திருப்பி அடியைப் பார்க்கிறாரே, அதற்குப் பேர் தணிக்கை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, சிரிப்புக்காகச் சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வேலை நடக்கும்போதே அன்றாடம் அளந்து பார்ப்பது கண்காணிப்பு. கொடுத்த வாக்கு என்ன, நடந்தது என்ன என்று வேறொருவர் வந்து ஒத்துப் பார்ப்பது தணிக்கை. சாலை போடுகிற இடத்திலே இந்த இரண்டும் இல்லையென்றால், சட்டம் வெறும் காகிதம்.

சாலை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சாலை வேண்டும். விளைந்த நெல்லைச் சந்தைக்குக் கொண்டு போகச் சாலை வேண்டும். ஆனால் அந்த நெல் விளைகிற வயலை மூழ்கடித்துவிட்டுச் சாலை போட்டால், அதிலே எதை ஏற்றிக்கொண்டு போவது?

நம் ஊர்ச் சாலையையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் போகிறதே, 45-ஏ என்று பெயர் பெற்ற அந்தத் தேசிய நெடுஞ்சாலை. ஏறத்தாழ 180 கிலோமீட்டர். அதை நான்கு வழிச் சாலையாக்கும் திட்டம் வந்தது. வேலையை நான்கு துண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டும் 100 கிலோமீட்டருக்குக் கீழே. ஏன் 100 என்கிறேன்? 2013ஆம் ஆண்டுத் திருத்தம் என்ன சொல்கிறது? இருக்கிற தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது, நீளம் 100 கிலோமீட்டருக்கு மேலே போக வேண்டும். கூடவே, பழைய தடத்திலே 40 மீட்டருக்கு மேலும், புறவழிச் சாலையிலே 60 மீட்டருக்கு மேலும் கூடுதல் நிலம் எடுக்க வேண்டும். அப்போதுதான் முன் அனுமதி தேவை என்கிறது.

வழக்கு நடந்தது. அனுமதி வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 19 அன்று, எடுக்கிற நிலம் அந்த அளவைத் தாண்டவில்லை, ஆகவே அனுமதி தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பிலே, அனுமதியிலிருந்து தப்பிப்பதற்கு ஓர் உபாயமாகத் திட்டத்தைத் துண்டு போடக் கூடாது என்றும் சொன்னது. இதை ஆராய வல்லுநர் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. தீர்ப்புக்குத் தலை வணங்குகிறேன். என் கேள்வி எதிரணிக்கு. ‘சட்டமே காக்கும்’ என்கிறீர்களே, சட்டத்தின் அளவுகோலுக்குள்ளே வராத சாலையிலே புழுதி பறக்காதா? வாய்க்கால் தூர்ந்து போகாதா? மண்ணும் தண்ணீரும் அறிவிக்கையைப் படித்துப் பார்த்துவிட்டா கெட்டுப் போகும்? (கைதட்டல்)

அந்தச் சாலை வடக்கிருந்து தெற்கே போகிறது. கொள்ளிடமும் அதன் தங்கைகளும் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்குப் போகிறார்கள். சாலைக்கு மண் கொட்டி மேடு கட்டினால், தண்ணீர் போகிற திசைக்குக் குறுக்கே ஒரு சுவர் நிற்கிறது என்று பொருள். அந்தச் சுவரிலே எத்தனை கண் விட்டிருக்கிறார்கள், எவ்வளவு அகலம் விட்டிருக்கிறார்கள், வேலை நடக்கும்போது வடிகாலிலே கொட்டின மண்ணை அள்ளினார்களா இல்லையா என்பதை எந்தச் சட்டப் புத்தகம் போய்ப் பார்க்கும்? ஐப்பசி அடைமழைக்கு முன்னாலே, புரட்டாசியிலே ஒருவர் முழங்கால் அளவுச் சேற்றிலே இறங்கிப் பார்க்க வேண்டும். பார்த்துக் குறிப்பேட்டிலே எழுத வேண்டும். எழுதினதைச் சரி செய்தார்களா என்று மறுவாரம் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால், சம்பா நட்ட விவசாயியின் பயிர் அழுகும். சாலை போட்டவர் பில் வாங்கிப் போய்விடுவார். பயிர்க்கடன் வாங்கினவன் எங்கே போவான்?

சரி, என்னத்தை அளப்பது? எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது ஐயா! காற்றிலே மிதக்கிற நுண்துகளுக்கு 2009இலே அளவு வகுத்தார்கள். பி.எம்.10 என்கிற துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 2000ஆம் ஆண்டின் ஒலி விதிகளிலே, குடியிருப்புப் பகுதிக்குப் பகலிலே 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேலே 45. கல் உடைக்கிற எந்திரமும் தார்க் கலவை ஆலையும் ஊருக்குப் பக்கத்திலே நின்றால் இந்த எண்கள் என்ன ஆகின்றன என்று கருவி வைத்துப் பார்க்கணும். வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு தடவை அளந்து வைக்கணும். இல்லையென்றால், ‘உங்க ஊர்க் காத்து முன்னாடியே இப்படித்தாங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்! (சிரிப்பு)

எண்ணுக்கு மட்டும் அல்ல, கண்ணுக்கும் வேலை உண்டு. தண்ணீர் லாரி வந்ததா? மண் லாரிக்குத் தார்ப்பாய் போட்டார்களா? கிராவல் தோண்டின பள்ளத்தைச் சரிவு வெட்டி ஒழுங்கு செய்தார்களா, ஆடு மாடு விழட்டும் என்று அப்படியே விட்டார்களா? வயலின் மேல்மண்ணைத் தனியே சேர்த்து வைத்தார்களா? வெட்டின புளியமரத்துக்குப் பதிலாக நட்ட கன்று உயிரோடு இருக்கிறதா, அல்லது கூண்டு மட்டும் இருக்கிறதா? (கைதட்டல்)

உடனே எதிரணித் தம்பி எழுந்து, ‘கண்காணிக்கத்தான் ஆள் போட்டிருக்கிறார்களே, அறிக்கை எல்லாம் பிரமாதமாக வருகிறதே’ என்பார். அங்கேதான் ஐயா சங்கதி இருக்கிறது. அறிக்கை எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? பையனே பரீட்சை எழுதி, பையனே மார்க் போட்டு, பையனே அப்பா கையெழுத்தையும் போட்டால், அந்த வீட்டிலே எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறுதான்! (பலத்த சிரிப்பு)

இது வெறும் நகைச்சுவை அல்ல, நிரூபிக்கப்பட்ட உண்மை. குஜராத்திலே 1996 முதல், நீதிமன்ற உத்தரவின்படி, ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் தணிக்கை உண்டு. தணிக்கையாளரை ஆலைக்காரரே தேர்ந்தெடுப்பார், அவரே பணம் கொடுப்பார். பின்னாளிலே நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்ளோவும் மற்ற ஆய்வாளர்களும் அங்கே 473 ஆலைகளிலே ஒரு சோதனை செய்தார்கள். பாதி ஆலைகளிலே பழைய முறை. அங்கே வந்த அளவுகள் எல்லாம் வரம்புக்கு ஒரு நூல் கீழேயே வந்து நின்றன! மீதிப் பாதியிலே, யாருக்கு எந்தத் தணிக்கையாளர் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஒதுக்கினார்கள். சம்பளத்தைப் பொது நிதியிலிருந்து கொடுத்தார்கள். எடுத்த அளவை இன்னொரு குழு போய்ச் சரிபார்த்தது. என்ன ஆயிற்று? அறிக்கையிலே உண்மை வந்தது. அதைவிடப் பெரிய விஷயம், ஆலைகள் விடுகிற மாசே குறைந்தது. 2013இலே வெளியான ஆய்வு இது. சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், நடுவர் அவர்களே! மாறியது பார்க்கிற கண்! (நீண்ட கைதட்டல்)

இதை வள்ளுவப் பேராசான் என்றைக்கோ சொல்லிவிட்டார். ‘தெரிந்து செயல்வகை’ என்று 47ஆம் அதிகாரம் வைத்தார். ஆராய்ந்து பார்த்து வேலையைத் தொடங்கு என்றார். அத்தோடு விட்டாரா? ‘ஒற்றாடல்’ என்று 59ஆம் அதிகாரம் வைத்தார். அதிலே, ஓர் ஒற்றன் கொண்டு வந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார் என்கிறார். அடுத்த குறளிலே, ஒற்றனை ஒற்றன் அறியாதபடி ஆளு, மூவர் சொல்லும் ஒத்து வந்தால் தெளி என்கிறார். பொதுப் பணத்திலே சம்பளம், ஒருவரை ஒருவர் அறியாத சரிபார்ப்பு! குஜராத்திலே செய்து பார்த்ததற்கு நம்முடைய குறளிலே இலக்கணம் இருக்கிறது. (கைதட்டல்)

2025 ஆகஸ்டிலே மத்திய அரசு சுற்றுச்சூழல் தணிக்கைக்கென்றே விதிகள் கொண்டு வந்திருக்கிறது. தணிக்கையாளரைக் குலுக்கல் முறையிலே ஒதுக்குவது என்பது அதிலே இருக்கிறது. ‘பார்த்தீர்களா, அதுவும் சட்டம்தானே’ என்று எதிரணி சிரிக்கிறது. சட்டமே கடைசியில் கண்காணிப்பின் காலைப் பிடிக்க வந்துவிட்டது என்று நான் சிரிக்கிறேன்! (சிரிப்பு) ஏன் வந்தது? அனுமதி கொடுத்த பிறகு நடக்கிற கண்காணிப்பு பலவீனமாக இருக்கிறது, வட்டார அலுவலகங்களிலே ஆள் போதவில்லை என்று இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2016ஆம் ஆண்டின் 39ஆம் அறிக்கையே சொல்லிற்று. சட்டம் அன்றைக்கும் இருந்தது. பார்க்க ஆள் இல்லை.

பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியாக 44ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. விலங்குகள் கடக்க, சாலையைத் தூக்கிக் கட்டி 9 வழிகள் விட்டார்கள். ஒன்று 750 மீட்டர் நீளம். கட்டிவிட்டோம், ரிப்பன் வெட்டிவிட்டோம் என்று போயிருக்கலாம். போகவில்லை. இந்திய வனவுயிர் நிறுவனத்தார் 2019இலே கேமராக்களை வைத்துக் காத்திருந்தார்கள். புள்ளிமான் வந்தது, காட்டுப்பன்றி வந்தது, புலியே வந்தது! 18 வகை விலங்குகள் பதிவாயின. வழி விட்டது பொறியாளர். அது வழிதானா என்று சொன்னது கண்காணிப்பு.

முடிக்கிறேன், நடுவர் அவர்களே! இந்த மக்களுக்கு ஒரு வார்த்தை. முன் அனுமதி பெற்ற திட்டம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளிலே நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று அறிக்கை தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு அறிவிக்கை. அது ரகசியம் அல்ல, பொது ஆவணம். விண்ணப்பித்தால் யாருக்கும் நகல் தர வேண்டும். அனுமதி தேவைப்படாத சாலையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. ஒப்பந்தத்திலே சுற்றுச்சூழலுக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள், இது வரை எடுத்த அளவுகள் எங்கே என்று எழுதிக் கேளுங்கள். ஊருக்கு ஒரு வாத்தியார், ஒரு விவசாயி, ஒரு கல்லூரிப் பெண் கேட்டால் போதும். கேட்கிற ஆள் இருக்கிறான் என்று தெரிந்த அன்றைக்கே தண்ணீர் லாரி தானாக வரும்!

சட்டம் அறைக்குள்ளே பிறக்கிறது. வாய்க்கால் வெளியிலே ஓடுகிறது. அறையிலிருந்து வாய்க்கால் வரைக்கும் நடந்து போகிற இரண்டு கால், அளக்கிற ஒரு கை, மறைக்காமல் எழுதுகிற ஒரு பேனா - இவைதான் அந்த டெல்டா விவசாயியின் பயிரைக் காக்கும். ஆகவே, சாலைப் பணிகளில் சுற்றுச்சூழலைப் பெரிதும் காப்பது கண்காணிப்பே, கண்காணிப்பே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)