ஐரோப்பியக் கோப்பை பிறந்த கதை



யார் வல்லவர் என்னும் வழக்கு எந்த ஆட்டத்திலும் எழுவது இயல்பு. கொல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் அந்நகரம் இரண்டாகப் பிரிந்து நிற்பதை அவர்கள் கண்ணாரக் கண்டிருப்பார்கள். அத்தகைய வழக்கொன்று நாடுகளுக்கிடையே மூண்டதன் விளைவாகப் பிறந்ததே ஐரோப்பியக் கழகங்கள் ஆண்டுதோறும் பொருதுகின்ற கால்பந்துக் கோப்பை. அதன் வரலாற்றை இன்று சிறிது காண்போம்.

கால்பந்தாட்டத்தின் தாயகம் தாமே என்று பெருமை கொண்டிருந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1953 நவம்பரில் லண்டன் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி நாட்டுக் குழு அவர்களை ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் வென்றது. அடுத்த மே மாதத்தில் புடாபெஸ்ட் நகருக்குச் சென்ற இங்கிலாந்து, ஏழுக்கு ஒன்று எனத் தோற்றுத் திரும்பியது. புண்பட்ட அந்தப் பெருமைக்கு மருந்தாக வந்தது 1954 டிசம்பர் 13ஆம் நாள். ஹங்கேரிய வீரர்கள் பலர் இடம்பெற்ற ஹான்வேத் கழகம், வுல்வர்ஹாம்ப்டன் நகரில், அவ்வூர்க் கழகத்துடன் மின்விளக்கு ஒளியில் ஆட வந்தது. குளிர்காலச் சேறு போதாதென்று களத்துக்குத் தண்ணீரும் பாய்ச்சச் செய்தார் அவ்வூர்க் கழகத்தின் மேலாளர் ஸ்டான் கல்லிஸ். விருந்தினர் தொடக்கத்திலேயே இரண்டு கோல்கள் போட்டனர். ஆனால் நேரம் செல்லச் செல்ல அவர்கள் கால்கள் சேற்றில் தளர்ந்தன. மூன்றுக்கு இரண்டு என வுல்வர்ஹாம்ப்டன் வென்றது. மறுநாள் ஆங்கிலப் பத்திரிகைகள் அக்கழகத்துக்கு உலக வெற்றி வீரர் பட்டமே சூட்டிவிட்டன.

பாரிஸில் இதனைப் படித்தவர்களுள் காப்ரியேல் ஆனோ என்பவரும் ஒருவர். முன்னாள் ஆட்டக்காரரான அவர், லெகீப் என்னும் விளையாட்டு நாளிதழில் எழுதி வந்தார். சொந்தக் களத்தில் பெற்ற ஒரு வெற்றி போதாது. மாஸ்கோவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் சென்று வென்று காட்டட்டும். மிலான், ரியல் மாட்ரிட் போன்ற கழகங்களும் இருக்கின்றன என்பது அவர் வாதம். வாதத்தோடு நில்லாமல், ஒவ்வொரு கழகமும் தன் ஊரிலும் எதிரியின் ஊரிலும் ஆடத்தக்க போட்டித் திட்டமொன்றை அவ்விதழ் சில நாள்களிலேயே வெளியிட்டது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அப்போதுதான் தோன்றியிருந்தது. அது இதில் முதலில் ஆர்வம் காட்டவில்லை. 1955 ஏப்ரலில் கழகங்களைப் பாரிஸுக்கு அழைத்துப் பேசியது பத்திரிகையே! அதன் பின்னரே சங்கம் பொறுப்பேற்றது. பத்திரிகைச் சண்டையால் நன்மை விளைந்தது அபூர்வம். விளைந்த இடங்களுள் இது ஒன்று.

முதற்போட்டியில் பதினாறு கழகங்கள் இடம்பெற்றன. அவற்றுள் பல தத்தம் நாட்டில் முதலிடம் பெற்றவையல்ல; கூட்டம் சேர்க்கும் என்று கருதி அழைக்கப்பட்டவை. வழக்கைத் தொடங்கிவைத்த இங்கிலாந்தோ வரவேயில்லை. அவ்வாண்டு அங்கு முதலிடம் பெற்றிருந்த செல்சியை, உள்நாட்டு ஆட்டங்களுக்கு இடையூறாகும் என்று கூறி அந்நாட்டு லீக் நிர்வாகம் தடுத்துவிட்டது. 1956 ஜூன் 13ஆம் நாள் பாரிஸில் இறுதி ஆட்டம். பிரான்ஸின் ரேம்ஸ் கழகம் பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் முந்தியது. எனினும் ரியல் மாட்ரிட் நான்குக்கு மூன்று என வென்றது. அடுத்த நான்கு ஆண்டுகளிலும் கோப்பை மாட்ரிடை விட்டு நகரவில்லை.

சேற்றில் தோற்ற ஹான்வேத் என்னவாயிற்று? அதன் தலைவர் பெரெண்ட்ஸ் புஷ்காஷ். இராணுவக் கழகமாதலால் அவருக்கு மேஜர் பதவியும் இருந்தது. 1956 இலையுதிர்காலத்தில் ஹங்கேரியில் புரட்சி வெடித்தது. சோவியத் படைகள் அதனை அடக்கின. இக்கோப்பைக்காக ஹான்வேத் அப்போது வெளிநாட்டில் இருந்தது. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் முதலாட்டம் முடிந்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய இரண்டாம் ஆட்டத்தைப் புடாபெஸ்ட்டில் நடத்த இயலாமல் பிரஸ்ஸல்ஸில் நடத்தினர். ஆறுக்கு ஐந்து என்ற மொத்தக் கணக்கில் ஹான்வேத் வெளியேறியது. புஷ்காஷும், கோச்சிஷும், சிபோரும் நாடு திரும்பவில்லை. சர்வதேசச் சங்கம் அவரை ஆடவிடாமல் தடை விதித்தது. உடல் பருத்து, வயது முப்பத்தொன்றை எட்டி, இனி ஆடுவாரா என்று பலரும் ஐயுற்ற நிலையில் 1958இல் ரியல் மாட்ரிட் அவரை ஏற்றுக்கொண்டது.

அக்கழகத்தின் மற்றொரு தூணான டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினாவில் பிறந்து, கொலம்பியா வழியாக ஸ்பெயின் வந்தவர். 1960 மே மாதத்தில் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் அரங்கில், ஒரு லட்சத்து இருபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில், ஃபிராங்க்ஃபர்ட் கழகத்தை ரியல் மாட்ரிட் ஏழுக்கு மூன்று என வென்றது. புஷ்காஷ் நான்கு, டி ஸ்டெஃபானோ மூன்று. அன்று ரியல் மாட்ரிட் போட்ட கோல்கள் யாவும் ஊர் விட்டு ஊர் வந்த இருவர் போட்டவை என்பதைப் பிறமாநிலங்களில் வாழும் நாம் கவனியாமல் இருக்க முடியாது.

கோச்சிஷும் சிபோரும் பார்சிலோனாவில் சேர்ந்தனர். 1961 இறுதி ஆட்டத்துக்காக அவர்கள் சென்ற இடம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர். 1954 உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஹங்கேரி மூன்றுக்கு இரண்டு எனத் தோற்ற அதே அரங்கு! இருவரும் ஆளுக்கொரு கோல் போட்டனர். பார்சிலோனா போர்ச்சுகலின் பென்ஃபிகாவிடம் மூன்றுக்கு இரண்டு என்றே தோற்றது. கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

இக்கோப்பை உயிர்ப்பலியும் கொண்டது. ஆங்கிலேய நிர்வாகத்தின் அறிவுரையை மீறி, மேலாளர் மாட் பஸ்பி மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை இதில் சேர்த்தார். 1958 பிப்ரவரி 6ஆம் நாள், பெல்கிரேடில் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில், மியூனிக் விமான நிலையத்தில் உருகிய பனி படிந்த ஓடுபாதையில் மூன்றாம் முறை மேலெழ முயன்ற விமானம் விபத்துக்குள்ளாயிற்று. இறந்தவர் 23 பேர். அவருள் ஆட்டக்காரர் எண்மர். பஸ்பி பிழைத்தார். பத்தாண்டுக்குப்பின், 1968இல், வெம்பிளியில் அவர் கழகம் பென்ஃபிகாவை நான்குக்கு ஒன்று என வென்று கோப்பையை ஏந்தியது. விபத்தில் தப்பிய பாபி சார்ல்ட்டன் அன்று இரண்டு கோல்கள் போட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் வென்ற கிளாஸ்கோ செல்டிக்கின் பதினொருவரும் தம் அரங்கிலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். உள்ளூர்ப் பிள்ளைகளாலும் இயலும் என்பதற்கு அது சான்று. ஆனால் அத்தகைய சான்று மீண்டும் கிடைக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹேசல் அரங்கில் கூட்ட நெரிசலில் 39 பேர் மாண்டனர். 1992இல் போட்டி சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறியது. 1997 முதல் சில நாடுகளின் இரண்டாமிடக் கழகங்களும் நுழைந்தன. பணம் பெருகிற்று. 2021 ஏப்ரலில் பன்னிரண்டு செல்வக் கழகங்கள் தமக்கென்று தனிப்போட்டி காண முற்பட்டன. ரசிகர்களின் சினத்துக்கு அஞ்சி, அவற்றுள் பெரும்பாலானவை மூன்று நாள்களுக்குள் பின்வாங்கின. 2024இல் ரியல் மாட்ரிட் பதினைந்தாம் முறை வென்றது.

புஷ்காஷ் ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளரானார். 1971இல் கிரேக்க நாட்டின் பானதினைகோஸ் கழகத்தை இக்கோப்பையின் இறுதி ஆட்டம் வரை நடத்திச் சென்றார். ஆட்டம் நடந்தது வெம்பிளியில். வென்றது ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ். வெளியேறி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1981இல்தான், அவர் முதன்முறையாகத் தாய்நாட்டு மண்ணில் காலடி வைத்தார். 2006இல் புடாபெஸ்ட்டில் காலமானார். அந்நகரின் பெரிய அரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1956இல் ஹான்வேத் தன் ஆட்டத்தை ஆடமுடியாமற்போன அந்த நகரின் அந்த அரங்கையே, 2026ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்துக்குரிய இடமாக ஐரோப்பியச் சங்கம் தெரிந்தெடுத்தது.