கிருமிகள் கட்டும் கோட்டை

(கிராமச் சுகாதாரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான்கு நாள் தேய்த்துக் கழுவாத தண்ணீர்க் குடத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று ஒன்று கையில் ஒட்டும். தண்ணீரை ஊற்றி அலசினால் மட்டும் அது போகாது. தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும். இதனைத் தாய்மார்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால், அந்த வழுவழுப்பு கோடிக்கணக்கான கிருமிகள் கூடி வாழும் குடியிருப்பு ஆகும். அறிவியலார் அதனை 'உயிர்ப்படலம்' என்பர். நோய்க்கிருமிகள் நம் உடலுக்குள்ளும் இத்தகைய குடியிருப்புகளை அமைத்துக்கொள்கின்றன. மருந்து உண்டும் சில நோய்கள் மீண்டும் மீண்டும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இவ்வுண்மையின் முதற் குறிப்பு மிகப் பழமையானது. ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லீவன்ஹூக் என்பவர், தாமே செய்த உருப்பெருக்குக் கண்ணாடியால் தம் பல்லழுக்கை ஆராய்ந்தார். காடியால் பல்லைக் கழுவியபோது அழுக்கின் மேற்புறத்தில் இருந்த நுண்ணுயிர்கள் மட்டுமே மாண்டன. காடி உள்ளே ஊடுருவவில்லை. இதனை விளக்கும் அவருடைய கடிதம் 1684-ஆம் ஆண்டில் லண்டனில் வெளியாயிற்று.

கோட்டை எழும் விதம்

முதலில் சில கிருமிகள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் பெருகி, சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து தம்மை மூடிக்கொள்கின்றன. பசையினூடே நீர் செல்லும் நுண்ணிய கால்வாய்களும் உண்டு. கிருமிகள் தாம் வெளியிடும் இரசாயனப் பொருளின் அளவைக் கொண்டே தம் கூட்டம் பெருகியதை உணர்ந்து, ஒருமித்துச் செயற்படுகின்றன. படலம் முதிர்ந்ததும் அதிலிருந்து சில பிரிந்து சென்று வேறிடங்களில் குடியேறுகின்றன.

மருந்து ஏன் தோற்கிறது?

பசை சில மருந்துகளைத் தடுத்துத் தாமதப்படுத்துகிறது. உள்ளே ஆழத்திலுள்ள கிருமிகள் உணவும் பிராணவாயுவும் குறைந்து உறங்கினாற்போல் கிடக்கின்றன; வளரும் கிருமிகளையே தாக்கும் மருந்துகள் பல இவற்றை ஒன்றும் செய்ய இயலுவதில்லை. நம் இரத்தத்தின் வெள்ளணுக்களும் படலத்தை விழுங்க மாட்டா. தனித்துத் திரியும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்தையும் இவை தாங்கி நிற்பதுண்டு. அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது. ஆகவே, வெளியே திரிபவை மடியக் காய்ச்சல் தணிகிறது. கோட்டைக்குள் இருப்பவை பிழைத்து, பின்னொரு நாள் புறப்படுகின்றன.

டைபாய்டு காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து குணமடைந்தவர்களுள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை, நோய்க்குறி ஏதுமின்றியே கிருமியைச் சுமந்து திரிகின்றனர். அவர்களிற் பலருக்குப் பித்தப்பையில் கற்கள் உண்டு. அக்கற்களின் மேல் கிருமிகள் படலமாகப் படிந்து வாழ்கின்றன. அங்கிருந்து குடலில் இறங்கி, மலத்தின் வழியாக வெளியேறுகின்றன.

இத்தகையோரால் விளையும் தீங்கை அமெரிக்காவின் நியூயார்க் நகரச் சமையற்காரர் மேரி மாலனின் வரலாறு காட்டும். அவர் நலமாகவே இருந்தார். அவர் சமைத்த வீடுகளிலோ டைபாய்டு கண்டது. 1907-இல் அதிகாரிகள் அவரைக் கண்டறிந்து ஒரு தீவில் தனித்து வைத்தனர். இனிச் சமைப்பதில்லை என்று வாக்களித்து 1910-இல் விடுதலை பெற்றவர், பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமையல் வேலைக்கே சென்றார். 1915-இல் ஒரு மருத்துவமனையில் 25 பேர் நோயுற்றனர். அதன்பின் 1938-இல் இறக்கும்வரை அவர் தீவிலேயே இருக்க நேர்ந்தது. தம் உடலில் நோய் இருப்பதாக அவர் நம்பவே இல்லை. இன்று நல்ல மருந்துகள் உள்ளன. எனினும் பித்தக்கல் உள்ள சிலருக்கு மருந்து மட்டும் போதாமல், பித்தப்பையையே எடுத்துவிட நேரிடுகிறது.

நாம் செய்யவேண்டியவை

கோட்டையைத் தகர்த்த பிறகே மருந்து முழுப்பயன் தரும். நீரிழிவு நோயாளியின் காலில் புண் ஆறாதிருந்தால், பச்சிலை கட்டி நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவர் அழுகிய சதையைச் சுரண்டி எடுப்பது கிருமிப் படலத்தையும் நீக்குவதற்காகவே. வீட்டில் படுக்கையாயுள்ள முதியவர்க்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தால், குறித்த நாளில் மாற்றிவிடுங்கள். குழாயின் உட்புறத்திலும் படலம் படியும். மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை உண்ணுங்கள். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதீர்கள். பல்லை நாள்தோறும் தேய்த்துத் துலக்குங்கள். மலங்கழித்த பின்னரும் சமைக்கும் முன்னரும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். கிருமி சுமப்பவர் எவரேனும் இருப்பின் அவரைத் தூற்றாமல், சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் குற்றவாளி அல்லர்.

ஊராட்சி மன்றத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. குளோரின் நீரில் மிதக்கும் கிருமியைக் கொல்லும். சுவரில் படிந்த படலத்தின் உட்புறம் அது எளிதிற் செல்லாது. நீரை வடித்து, சுவரையும் அடித்தளத்தையும் தேய்த்துக் கழுவிய பின்னரே மருந்திடச் செய்யுங்கள். தொட்டி கழுவிய நாளை அதன் சுவரிலேயே எழுதி வையுங்கள். ஊரார் அனைவரும் படித்து அறியட்டும்.