பூட்டிய வீட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு

நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



நம் நகரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் புதர் மண்டிய காலி மனைகளையும் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகக் காலம் தள்ளியவன். பத்திரம், வில்லங்கம், வாரிசு, நோட்டீஸ் இவற்றோடு பழகிய பழக்கத்தில் பேசுகிறேன்.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கேள்வி வருகிறது. "மூன்றாவது குறுக்குத் தெருவில் அந்த வீடு வருஷக்கணக்காகப் பூட்டியே கிடக்கிறது. யாரும் வருவதில்லை. கார்ப்பரேஷன் ஏன் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது?" கேட்பவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். போன மழைக்காலத்தில் அந்தத் தெருவில் இரண்டு குழந்தைகளுக்கு டெங்கு வந்தது. அந்த வீட்டு மொட்டை மாடித் தொட்டி மூடியில்லாமல் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம்.

பதில் இதுதான். பூட்டிக் கிடப்பதால் ஒரு சொத்து யாருக்கும் சொந்தமில்லாததாக ஆகிவிடாது. மாநகராட்சிக்கு அதை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் கிடையாது. ஆனால் அதனால் வரும் தொல்லையை நீக்கும் அதிகாரம் உண்டு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம் மனுக்கள் பல இடங்களில் நின்றுவிடுகின்றன.

வங்கி உதாரணம் சொல்கிறேன். ஒரு சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் 2 வருஷம் வரவு செலவு எதுவும் செய்யாவிட்டால் அது செயல்படாத கணக்கு. 10 வருஷம் அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். 2014 முதல் இதுதான் நடைமுறை. அதற்காகப் பணம் ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமாகிவிடுமா? ஆகாது. எப்போது வாரிசு வந்து சான்று காட்டினாலும் கொடுத்தாக வேண்டும். வீடும் அப்படித்தான்.

வாரிசே இல்லாத சொத்து அரசுக்குப் போகும் என்று சட்டம் இருப்பது உண்மை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 29; அரசியல் சட்டம், பிரிவு 296. போவது மாநில அரசுக்கு, மாநகராட்சிக்கு இல்லை. அதுவும் லேசில் நடக்காது. ஹரித்வாரில் ஓர் ஆசிரமச் சொத்து பற்றிய வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வாரிசு இல்லை என்று கலெக்டர் தாமே தீர்மானித்துவிட முடியாது, வாரிசு இல்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நம் தெருவில் பூட்டிய வீடுகளுக்கோ வாரிசு இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஒருவர், பெங்களூரில் ஒருவர் என்று இருக்கிறார்கள்.

சரி, மாநகராட்சி இவற்றை எப்படி அடையாளம் காண்கிறது? பெரும்பாலும் மூன்று வழிகள். முதலாவது, சொத்து வரிப் பதிவேடு. அரையாண்டுக்கு அரையாண்டு வரி நிலுவையாகிக்கொண்டே போனால் தெரிந்துவிடும். காலி மனைக்கும் தனி வரி உண்டு. இரண்டாவது, வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள். பூட்டியிருக்கும் வீடு எது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மூன்றாவது, நம் புகார். இந்த மூன்றாவது வழிதான் நம் கையில் இருக்கிறது.

ஆனால் முதல் வழியில் ஒரு ஓட்டை உண்டு. பல வீடுகளுக்கு வெளியூரிலிருந்தே ஆன்லைனில் வரி கட்டிவிடுகிறார்கள். பதிவேட்டைப் பார்த்தால் வீடு ஒழுங்காக இருப்பதாகத் தெரியும். வாசலில் வந்து பார்த்தால் வேப்பங்கன்று சுவரைப் பிளந்துகொண்டு நிற்கும். ஆகவே நாம் சொல்லாமல் அவர்களுக்குத் தெரியாது.

சொல்வதை எங்கே சொல்ல வேண்டும்? தொல்லைக்குத் தக்கபடி கதவு வேறு.

கொசு, குப்பை, பாம்பு, தேங்கிய தண்ணீர் என்றால் சுகாதாரப் பிரிவு. சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற எண் இருக்கிறது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 8 முதல் 10 நாள்தான். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடும் விஷயம் இல்லை இது. உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் செய்யாவிட்டால் தாங்களே சுத்தம் செய்து செலவை அவரிடம் வசூலிக்க உள்ளாட்சி அமைப்புக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

சாயும் சுவர், இடிந்த பால்கனி என்றால் பொறியியல் பிரிவு. ஆபத்தான கட்டடத்தைப் பழுது பார்க்கவோ இடிக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிட ஆணையருக்கு அதிகாரம் உண்டு. உடனடி ஆபத்து என்றால் மாநகராட்சியே தடுப்பு நடவடிக்கை எடுக்கலாம்.

இரண்டும் நகரவில்லை என்றால் மூன்றாவது கதவு, கோட்டாட்சியர். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 152. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுதான் 133. விழும் நிலையில் உள்ள கட்டடம், மரம், வழியோரத்தில் வேலியில்லாத கிணறு ஆகியவற்றை அப்புறப்படுத்தவோ சரிசெய்யவோ அவர் உத்தரவு போடலாம். மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊர். சாக்கடை நாற்றம் தாங்காத குடியிருப்பவர்கள் இந்த 133-ஐ வைத்துத்தான் நகராட்சி மீதே வழக்குப் போட்டார்கள். எங்களிடம் பணம் இல்லை என்றது நகராட்சி. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. நம்மைப் போன்ற சாதாரணக் குடியிருப்பவர்கள் வாங்கிய தீர்ப்பு அது.

மனு கொடுக்கும்போது "பாழடைந்த வீடு, நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒற்றை வரி எழுதினால் ஒற்றை வரியிலேயே பதில் வரும். கதவு எண், வரி எண் தெரிந்தால் அது, தேதியோடு கூடிய புகைப்படம், தொல்லை இன்னது என்ற விவரம், பக்கத்து வீட்டார் கையெழுத்து, இவை வேண்டும். ஒப்புகைச் சீட்டை வாங்கிக் கோப்பில் வையுங்கள். வங்கியில் நாங்கள் சொல்வது, பேசியது காற்றோடு போகும், பதிந்தது நிற்கும்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முயல்வதும் நம் வேலைதான். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரம் பார்க்கலாம். கடைசியாக யார் பெயரில் பதிவானது என்று தெரியும். ஆனால் ஒருவர் இறந்துபோனது வில்லங்கத்தில் வராது. வாரிசு பெயரும் வராது. அதற்குப் பழைய அண்டை வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தால் அதில் அதிகாரியின் பதவியும் முகவரியும் இருக்கும். கடனுக்காக வங்கி நேரடி சுவாதீனம் எடுத்திருந்தால், அந்தச் சொத்தைச் சாதாரண விவேகமுள்ள ஒரு உரிமையாளர் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2002-ஆம் வருஷச் சட்டத்தின் விதி சொல்கிறது. அவருக்கு எழுதுங்கள்.

செய்யக் கூடாதவை சில உண்டு. பூட்டை உடைத்து உள்ளே போகாதீர்கள். நல்ல எண்ணத்தில் போனாலும் அத்துமீறல்தான். காலி மனையில் நம் வீட்டுக் குப்பையைக் கொட்டிவிட்டு மாநகராட்சியைத் திட்டாதீர்கள். கார் நிறுத்தவும் செட் போடவும் பயன்படுத்தாதீர்கள். தனியார் நிலத்தை உரிமையாளருக்கு விரோதமாக 12 வருஷம் தொடர்ந்து அனுபவித்தால் உரிமை கோரலாம் என்பது காலவரையறைச் சட்டம். அரசு நிலத்துக்கு 30 வருஷம். இது தெரிந்தவர்கள் எவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நமக்கு வேண்டியது கொசு இல்லாத தெரு, அடுத்தவர் மனை இல்லை.

வெளிநாட்டில் எப்படி என்று ஒருவர் கேட்டார். ஜப்பானைச் சொல்லலாம். 2023 கணக்கெடுப்பில் அங்கே காலி வீடுகள் ஏறக்குறைய 90 லட்சம். 2015-இல் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க நகராட்சி தன் வரிப் பதிவேட்டைப் பயன்படுத்தலாம். முதலில் அறிவுரை, பிறகு பரிந்துரை, பிறகு உத்தரவு, கடைசியில் நகராட்சியே இடித்துச் செலவை வசூலிக்கும். பரிந்துரைக் கட்டத்திலேயே வீட்டுமனைக்கான வரிச் சலுகை போய்விடும். அது போனால் வரி பல மடங்காகும். 2024 ஏப்ரல் முதல் இன்னொன்று: வாரிசாகச் சொத்து வந்தது தெரிந்து 3 வருஷத்துக்குள் பெயர் மாற்றிப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். சொந்தக்காரர் பெயர் காகிதத்தில் இல்லாததுதான் வீடு பாழாவதற்குப் பெரிய காரணம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. இந்த அறையில் பாதிப் பேருக்கு 60 தாண்டிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில், வெளியூரில். இன்று நாம் புகார் சொல்லும் வீடுகள் ஒரு காலத்தில் நம்மைப் போலவே கோலம் போட்டு, கொலு வைத்து வாழ்ந்தவர்களுடையவை. அவர்கள் போன பிறகு காகிதம் தாத்தா பெயரிலேயே நின்றுவிட்டது. அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. வீடு பூட்டிக்கொண்டது.

ஆகவே ஒவ்வொருவரும் மூன்று காரியம் செய்யுங்கள். சொத்து வரி, பட்டா, மின் இணைப்பு, மூன்றும் உயிரோடு இருப்பவர் பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி மாற்றுங்கள். உயில் எழுதுங்கள், மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை இங்கே ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டுமானால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கலாம். பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

செயற்குழுவுக்கு ஒரு கோரிக்கை. பூட்டிய வீடுகளுக்கும் காலி மனைகளுக்கும் ஒரு பதிவேடு தொடங்குவோம். கதவு எண், தெரிந்த உறவினர் பெயர், தொலைபேசி, நிலைமை, கொடுத்த மனு, வந்த பதில். பூட்டு மனுவோடு மூன்றாவது குறுக்குத் தெரு வீட்டை முதல் பக்கத்தில் எழுதலாம். அந்தப் பதிவேட்டை எழுதும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். பேரேடு எழுதிய கை, இன்னும் மறக்கவில்லை.