ஜிஆர்இ லிஸ்ட்டில் இருந்த நம்ம ஊர் வார்த்தை

சூளகிரியிலிருந்து பேசுறேன். பின்னாடி லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, வீடு ஹைவே பக்கம்.

இன்னிக்கு, நம்ம பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சில பழைய சொற்கள். இதுக்குன்னே ஒரு பெரிய அகராதி இருக்கு: ‘ஹாப்சன்-ஜாப்சன்’. ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல் ரெண்டு பேரும் தொகுத்தது, 1886-ல் வெளிவந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் வருவதற்கு நாலு வருஷம் முன்னாடியே இறந்துட்டார். தலைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? முஹர்ரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று கேட்டதை வெள்ளைக்கார சிப்பாய்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி சொன்னது அது.

கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது எல்லாருக்கும் தெரியும். சுருட்டு ‘செரூட்’ ஆச்சு. அணைக்கட்டு ‘ஆனிகட்’ ஆச்சு. கல்லணைக்கு ஆங்கிலத்தில் இன்னிக்கும் ‘கிராண்ட் ஆனிகட்’தான். நம்ம மிளகுத்தண்ணி, கறியெல்லாம் சேர்ந்து கெட்டியாகி, ‘மல்லிகடானி’ சூப் ஆச்சு.

‘கேஷ்’ மட்டும் கொஞ்சம் கவனம். அந்தக் காலத்துச் சின்ன நாணயத்தை வெள்ளைக்காரர்கள் ‘கேஷ்’ என்றது நம்ம காசு, போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. ஆனா ஏடிஎம்மில் எடுக்கிற கேஷ் வேற. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. வாட்ஸ்அப்பில் ரெண்டையும் ஒண்ணாக்கி அனுப்புவாங்க, நம்பாதீங்க.

இப்ப நான் இந்த எபிசோடு பண்ணக் காரணமான சொல்லுக்கு வர்றேன். ‘பரையா’.

காலேஜ் முடிக்கிறப்ப ஜிஆர்இ வேர்ட் லிஸ்ட்டில் மனப்பாடம் பண்ணினேன். பொருள்: எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர். அவ்வளவுதான் போட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்தப்புறம் ஒரு மீட்டிங்கில், யாரும் கை வைக்க விரும்பாத ஒரு பழைய மாட்யூலை, இங்கிலீஷ் காட்டணும்னு, ‘இது நம்ம கோடில் ஒரு பரையா’ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தன் மட்டும் சிரிக்கல. கிருஷ்ணகிரி பக்கத்துப் பையன், தினமும் என்கூட பஸ்ஸில் வர்றவன்.

சாயங்காலம் டீக்கடையில் கேட்டான்: “அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமாடா?”

“ஃபிரெஞ்சா இருக்கும்.”

“எங்க ஜாதிப் பேருடா அது.”

எனக்கு டீ இறங்கல. தமிழில் அந்தச் சொல்லை ஒருத்தரைத் திட்டுறதுக்கு என் வாயால் சொல்லியிருக்க மாட்டேன். ஆங்கில உச்சரிப்பில் வந்ததும் அடையாளமே தெரியல.

வீட்டுக்கு வந்து தேடினேன். 1600-களிலேயே ஆங்கிலத்தில் ஜாதிப் பெயராகப் பதிவாகியிருக்கு. ‘ஒதுக்கப்பட்ட யாரையும்’ குறிக்கிற பொருள் 1800-களில் பரவினது. ஒரு மக்களுக்கு நாம செஞ்சதை, அவங்க பெயருக்கே பொருளாக எழுதிட்டாங்க. ஜாதியே இல்லாதவர் என்ற பொருளில் இதைப் பயன்படுத்துறது சரியில்லைன்னு ஹாப்சன்-ஜாப்சனே சொல்லுது. 1886-லேயே! அதுக்கப்புறம் 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். கூசாமல், தலைப்பிலேயே வைத்தார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். “சரி விடு”ன்னான். ஆனா ஒரு வாரம் பஸ்ஸில் சரியா பேசல. அது நியாயம்தான்.

இதை எபிசோடில் சொல்லலாமான்னு போன வாரம் அவன்கிட்ட கேட்டேன். “சொல்லு. ஆனா பறைன்னா என்னன்னும் சேர்த்துச் சொல்லு”ன்னான்.

பறைன்னா முரசு. அகராதிகள் அந்தப் பெயருக்கு மூலமாகக் காட்டுறது அதைத்தான். பறைதல்னா சொல்லுதல், மலையாளத்தில் இன்னிக்கும் ‘பறயு’ன்னா ‘சொல்லு’தான்.

சொல்லிட்டேன்டா.

உங்க ஊரிலிருந்து போன சொல் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.